பாதி முகம்

"அண்ணே, முகம் நல்லாப் பளிச்சுனு விழணும்."

அட்வான்ஸ் கைக்கு வரும்போதே இந்த வாக்கியமும் கூடவே வந்துவிடும். எந்த மண்டபம், எத்தனை மணிக்கு முகூர்த்தம் என்பதெல்லாம் அப்புறம். திண்டுக்கல்லில் முப்பது வருஷமாக இதைக் கேட்டுத் தலையாட்டி, பளிச்சென்றே எடுத்துக் கொடுத்து, அந்தக் காசில்தான் வீட்டுக்கு மாடி எடுத்தேன். அதனால் அதைக் கிண்டல் செய்தால் உண்ட வீட்டுக்கு ரெண்டகம். ஆனால் பளிச்சென்று விழாத ஒரு முகத்தை எடுத்துவிட வேண்டும் என்ற நமைச்சலும் அதே முப்பது வருஷமாக உள்ளே இருந்தது. ஒரு தப்பில் தொடங்கிய நமைச்சல் அது.

1994. நான் தொழில் பழகிய ஸ்டூடியோவில் இரண்டு கேமரா. ஒன்று யாஷிகா மேட் 124ஜி. மேலிருந்து குனிந்து பார்க்கிற, இரண்டு லென்ஸ் வைத்த பெட்டி. முதலாளியைத் தவிர யாரும் தொடக்கூடாது. இன்னொன்று பென்டாக்ஸ் கே1000, பையன்களுக்கானது. ஆவணி மாதம் ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம் சேர்ந்துகொண்டதால் சின்ன இடத்துக்கு என்னை அனுப்பினார். வாசலில் வைத்து ஒரே ஒரு புத்திமதி: "ஷட்டர் 60லயே இருக்கட்டும். அதுல கைய வைக்காத."

வைக்கவில்லை என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். பந்தலில் யாரோ இடித்திருக்கலாம். டயல் ஒரு பல் தள்ளி 125க்குப் போயிருந்தது. தாலி கட்டுகிற மூன்று படமும் அந்த 125இல் எடுத்தவை. ரோலைக் கழுவிப் பிரிண்ட் போட்டு வந்தபோது பெண் இருக்கிறாள், மாப்பிள்ளை இருக்க வேண்டிய பாதி கன்னங்கரேல் என்றிருக்கிறது. அந்தக் கறுப்பிலிருந்து இரண்டு கை மட்டும் நீண்டு வந்து தாலி கட்டுகிறது. பெண்ணின் மாமா ஒருவர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "பாதிப் படத்துக்குப் பாதிப் பணம்" என்று எண்ணி வைத்துவிட்டுப் போனார். நியாயமான மனிதர்.

முதலாளி திட்டவில்லை. கேமராவின் முதுகைத் திறந்து, பிலிம் இல்லாமல் ஷட்டரை அழுத்திக் காட்டினார். உள்ளே இரண்டு கறுப்புத் துணித் திரைகள். முதல் திரை பக்கவாட்டில் ஓடித் திறக்கும், பின்னாலேயே இரண்டாவது ஓடி மூடும். 60இல் இரண்டுக்கும் நடுவே பிலிம் முழுக்கத் திறந்திருக்கிற ஒரு கணம் உண்டு. ஃப்ளாஷ் மின்னுவது அந்தக் கணத்தில். 125இல் முதல் திரை போய்ச் சேரும் முன்பே இரண்டாவது கிளம்பிவிடும். ஃப்ளாஷ் மின்னும்போது பாதிப் பிலிம் திரைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். மாப்பிள்ளை ஒளிந்திருந்த இடம் அதுதான். யாஷிகாவில் ஷட்டர் லென்சுக்குள்ளேயே இதழ் இதழாக இருப்பதால் இந்த வம்பு கிடையாது. 500 வரை எந்த வேகத்திலும் ஃப்ளாஷ் முழுசாக விழும். இன்றைய கேமராக்கள் 'ஹைஸ்பீட் சிங்க்' என்று ஃப்ளாஷைத் துடிக்க வைத்து, அதன் பலத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டுச் செய்கிற வேலையை அந்தப் பழைய பெட்டி சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது.

அதற்கு அடுத்து அவர் சொன்னதுதான் என் தொழில். "இதே தப்ப வெளிய மரத்தடியில வச்சு செஞ்சு பாரு."

செய்தேன். சாயங்காலம், அதே 125, அதே ஃப்ளாஷ். பாதிப் படம் கறுக்கவில்லை. மரம் இருக்கிறது, வேலி இருக்கிறது, வானம் இருக்கிறது, ஃப்ளாஷ் படாததால் எல்லாம் மங்கலாக, தன் சுபாவப்படி இருக்கிறது. மண்டபத்துக்குள் எனக்கு வெளிச்சம் ஒன்றே ஒன்று. வெளியே இரண்டு. ஊருக்குப் பொதுவான வெளிச்சம் ஷட்டருக்குக் கட்டுப்படும், நான் கொண்டுபோகும் வெளிச்சம் ஷட்டருக்குக் கட்டுப்படாது. ஃப்ளாஷ் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுவதால் திரை எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் அதற்கு ஒன்றுதான். லென்சின் துவாரமான அப்பர்ச்சர் இரண்டையும் சேர்த்து அடக்கும். ஆக, வானத்தை இறக்கிவிட்டு முகத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பாதிக் கல்யாணம் செலவானது.

புரிந்தது வேறு, செய்தது வேறு. கேமரா தலையிலிருந்து ஃப்ளாஷைக் கழற்றித் தள்ளி வைத்தால்தான் முகத்தில் நிழல் விழும், நிழல் விழுந்தால்தான் மூக்கு மூக்காகவும் கன்னம் கன்னமாகவும் தெரியும். அதற்கு ரேடியோக் கடையில் பதினைந்து அடி சிங்க் வயர் பற்றவைத்து வாங்கினேன். பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடுகிறவர்கள் அதில் தடுக்கி விழுந்தார்கள். பிறகு 'ஸ்லேவ்' வந்தது. வேறொரு ஃப்ளாஷ் மின்னினால் அதைப் பார்த்துத் தானும் மின்னும் சின்னக் கண். மாப்பிள்ளையின் சித்தப்பா பையன் கையில் ஒரு கேமரா இருந்தால் போதும், அவன் அடிக்கிற ஒவ்வொரு படத்துக்கும் என் ஃப்ளாஷும் மரியாதை செய்து, முகூர்த்தத்துக்கு முன்பே நான்கு பேட்டரியும் தீர்ந்துவிடும். ரேடியோ டிரிக்கர் விலை இறங்கி எங்களைப் போன்ற ஆட்கள் கைக்கு வந்த பிறகுதான் இந்தத் தொழிலில் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

எனக்கு இன்னும் புரியாத ஒன்று உண்டு. 'மூன்றாம் பிறை'யை 1982இல் பாலு மகேந்திரா எப்படி எடுத்தார், 'நாயகன்' படத்தில் 1987இல் பி.சி.ஸ்ரீராம் எத்தனை முகங்களைப் பாதி இருட்டில் விட்டார் என்று எங்கள் ஊர் டீக்கடையில் விடிய விடியப் பேசுவார்கள். இரண்டு பேருக்கும் அந்தப் படங்களுக்குத் தேசிய விருதே கிடைத்தது. காசு கொடுத்து, வரிசையில் நின்று பார்த்த அதே இருட்டைச் சொந்த ஆல்பத்தில் ஒரு பக்கம் வைத்தால், "என்னண்ணே, லைட்டு எரியலையா?" என்று கேட்பார்கள்.

கேள்விக்குப் பின்னால் இருப்பது நிறம்தான். கோடாக் கம்பெனி 1950களிலிருந்து அமெரிக்க லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பியது. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் படம். அவள் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். எங்கள் பக்கம் அட்டைக்கெல்லாம் அவசியமே இருக்கவில்லை, பெண் வீட்டார் வாய்மொழியே போதுமானதாக இருந்தது. "கொஞ்சம் கலராக் காட்டுங்க" என்றால் கலர் என்பதற்கு இங்கே ஒரே அர்த்தம்தான். நானும் காட்டியிருக்கிறேன். எத்தனை மாநிறப் பெண்களுக்குச் சுண்ணாம்பு அடித்தேன் என்று கணக்கெடுத்தால் எனக்கு நரகம் நிச்சயம்.

சுண்ணாம்பு அடித்து அடித்துத்தான் ஒன்று கற்றேன். வெள்ளைத் தோலில் வெளிச்சம் ஊறிப் பரவும். நம் தோலில் அது வழுக்கி ஓடும். நேருக்கு நேர் ஃப்ளாஷ் அடித்தால் நெற்றியில் ஒரு எண்ணெய்த் திட்டு, மற்றதெல்லாம் தட்டை. அதனால் கறுத்த முகத்தை எடுப்பது வெண்கலச் சொம்பை எடுப்பது மாதிரி. சொம்பை எடுக்கிறவன் உண்மையில் எடுப்பது சொம்பில் தெரிகிற ஜன்னலை. ஜன்னல் பெரிதாகவும் பக்கவாட்டிலும் இருந்தால் சொம்பின் உருட்டு முழுக்கத் தெரியும். ஒரு பெரிய சாஃப்ட்பாக்ஸை, அதாவது ஃப்ளாஷுக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டிய பெட்டியை, முகத்துக்குப் பக்கத்தில், சற்றே மேலே, கிட்டத்தில் கொண்டுவந்து நிறுத்துங்கள். கன்ன எலும்பில் ஒரு கோடு, மூக்குத் தண்டில் ஒரு கோடு, கீழுதட்டில் ஒரு பொட்டு. மற்ற இடம் இருட்டாகவே இருக்கட்டும். முகம் முழுசாக இருக்கும்.

கிட்டத்தில் என்று சொன்னதை அழுத்திச் சொல்லவேண்டும். புதுப் பையன்கள் எல்லாரும் லைட்டைத் தள்ளிக்கொண்டே போவார்கள், தள்ளினால் மென்மையாக விழும் என்று நினைத்து. தலைகீழ். கரண்டு போன ராத்திரியில் சிம்னி விளக்குப் பக்கத்தில் படித்தவர்களுக்கு இது தெரியும். புத்தகம் எரிகிற மாதிரி இருக்கும், எதிர்ச்சுவர் தெரியாது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்கு, நான்கு மடங்கானால் பதினாறில் ஒரு பங்கு. முகத்திலிருந்து மூன்றடியில் லைட் நின்றால், பன்னிரண்டடி தள்ளியிருக்கிற புளியமரத்துக்கு அது போய்ச் சேர்வதே இல்லை. மரம் வானத்தின் கணக்கில் இருட்டும், முகம் என் கணக்கில் நிற்கும். முகத்துக்கு நெருங்க நெருங்க அதே சாஃப்ட்பாக்ஸ் முகத்துக்குப் பெரிதாகிவிடுவதால் நிழலின் ஓரமும் கரையும்.

இடத்துக்கு எங்களுக்குப் பஞ்சமில்லை. கிழக்கே சிறுமலை, மேற்கே பழனி மலைத்தொடர், நடுவே வறண்ட சமவெளி. மத்தியான வெயில் படத்துக்கு ஆகாது, கண்ணுக்குக் கீழே குழி விழும். ஆனால் செம்மண் காட்டில் நிற்கிறவர் முகத்துக்குத் தரையிலிருந்தே ஒரு இளஞ்சிவப்பு வெளிச்சம் ஏறிவரும். எந்தக் கடையிலும் விற்காத ரிஃப்ளெக்டர் அது. மலைக்கோட்டைக்கு மேலே ஏறி எடுக்கலாமே என்று கேட்பார்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற இடம், ஸ்டாண்டு விரிக்க முன்கூட்டி அனுமதி வாங்கவேண்டும். எனக்கு அது கீழேயிருந்து பார்த்தால்தான் பிடிக்கும். சாயங்காலம் கிழக்குப் பக்கத் தெருவில் நின்றால் மொத்தப் பாறையும் ஒரே கறுப்புத் திண்டாக இருக்க, பின்னால் வானம் மட்டும் எரியும்.

எல்லாவற்றையும்விட ஆத்தூர் காமராஜர் அணைதான் எனக்கு. திண்டுக்கல்லுக்குக் குடிதண்ணீர் வருகிற அணை. தண்ணீருக்கு மேற்கே மலை சுவர் மாதிரி எழுந்து நிற்கிறது. அதனால் பஞ்சாங்கம் சொல்கிற அஸ்தமனத்துக்கு ரொம்ப முன்னாடியே அங்கே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும், வெளிச்சம் மட்டும் நெடுநேரம் தங்கும். நிழலே விழாத அந்த நேரம்தான் என் கடை திறக்கிற நேரம். காற்று ஒன்றுதான் எதிரி. ஒரு ஆனி மாதம் குடை மாட்டிய ஃப்ளாஷை ஸ்டாண்டோடு தூக்கித் தண்ணீரில் போட்டது. குடை பாய் விரித்த தோணி மாதிரி மிதந்துபோனதைப் பெண்ணும் மாப்பிள்ளையும் கைதட்டி ரசித்தார்கள். அதிலிருந்து ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன் இரண்டு ஸ்டாண்டில் தொங்காமல் நான் ஷட்டரைத் தொடுவதில்லை.

2019 நவம்பர். நிச்சயம் முடிந்த ஜோடிக்கு அவுட்டோர். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரையும் தனியாக அனுப்ப வீட்டில் சம்மதமில்லை, காவலுக்குப் பெண்ணின் தாத்தா வந்திருந்தார். எழுபது தாண்டிய ஆள். சின்ன வயசிலிருந்து பூட்டுப் பட்டறை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. அந்த ஆகஸ்டில்தான் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. அதைச் சொல்லிப் பேச்சுக் கொடுத்தேன்.

"பேரு குடுத்துட்டாங்க தம்பி. செய்ய ஆளு?" என்றார். அலிகாரிலிருந்து வருகிற பூட்டின் விலைக்கு எங்கள் ஊர்ப் பட்டறையில் பித்தளைகூட வாங்க முடியாது என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பெண் சேலை மாற்றப் போயிருந்தாள். முக்கால் மணி நேரம் ஆகும். மலை மேல் மழைமேகம் இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஈயம் பூசின மாதிரி. புளியமர வேரில் அவர். எனக்குக் கை பரபரத்தது.

"ஐயா, உங்கள ஒரு படம் எடுத்துக்கிடவா?"

"என்னைய எதுக்கு? சரி, எடுங்க."

மீட்டர் எஃப் 5.6க்கு 60 என்றது. 200 வைத்தேன். மலை, மேகம், தண்ணீர் எல்லாம் கிட்டத்தட்ட இரண்டு ஸ்டாப் இறங்கின. வெறும் கண்ணுக்கு ஐந்தரை மணி, கேமராவுக்கு ஆறேகால். அவருக்கு வலப்பக்கம் மூன்றடியில் சாஃப்ட்பாக்ஸ், ஃப்ளாஷ் எட்டில் ஒரு பங்கு. அதன் முகத்தில் பாதிப் பலத்து ஆரஞ்சுத் தாள். கேமராவின் கலரை அந்தத் தாளுக்கு ஏற்பத் திருப்பினால் முகம் தன் சொந்த நிறத்திலேயே நிற்கும், மலையும் தண்ணீரும் நீலம் பாரிக்கும். லைட்டை அவர் முகத்துக்கு நேரே திருப்பவில்லை. மூக்குக்கு முன்னால் காற்றில் விட்டேன், ஓரம் மட்டும் கன்னத்தைத் தடவிப் போகட்டும் என்று.

முதல் படம் படுமோசம். சட்டை. வெள்ளைச் சட்டை வெளிச்சத்தையெல்லாம் குடித்துவிட்டு, முகத்தைவிடப் பெரிதாக எரிந்தது. உதவிக்கு வந்த பையன் "கம்ப்யூட்டர்ல இறக்கிரலாம்ணே" என்றான். எனக்கு அது பிடிக்காது. அவன் கழுத்தில் கிடந்த கறுப்புத் துண்டை வாங்கி சாஃப்ட்பாக்ஸின் கீழ்ப்பாதியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். சட்டை சாம்பல் நிறத்துக்கு அடங்கியது. கூடவே மடியில் இருந்த இரண்டு கையும் இருட்டில் போய்விட்டன. பூட்டுச் செய்கிறவரின் கையை விட்டுவிட்டு எடுக்கிற படம் என்ன படம். துண்டை ஏற்றினேன், இறக்கினேன், சரிவரவில்லை. அவரோ ஆதார் அட்டைக்கு உட்கார்ந்த மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு லென்சையே முறைக்கிறார்.

துண்டோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவருக்கு அலுத்துவிட்டது. பக்கத்தில் என் லைட் பெட்டி. கொண்டியில் திறந்தபடி ஒரு பூட்டு, பஸ் ஸ்டாண்டு நடைபாதையில் ஐம்பது ரூபாய்க்கு வாங்கியது. அதைக் கழற்றி எடுத்தார். உள்ளங்கையில் எடை பார்த்தார். கொக்கியைக் கட்டைவிரலால் நெம்பினார். பார்வை மங்கிய மனுஷர், சாவித் துவாரத்தைப் பார்க்க வேண்டி மூக்குக்குக் கிட்டத்தில் தூக்கினார். கை தானாக வெளிச்சத்துக்குள் வந்துவிட்டது.

மூன்று படம் அடித்தேன். மூன்றாவதுதான். வலப்பக்கம் கன்ன எலும்பு, மூக்குத் தண்டு, தாழ்ந்த இமை. அதற்கு நேரே கட்டைவிரல் நகம், பித்தளைக் கறுப்பு ஏறியது, மழுங்கி ஒரு பக்கம் சாய்ந்தது. நகத்துக்கும் கண்ணுக்கும் நடுவே பூட்டின் விளிம்பில் ஒரே ஒரு மினுக்கு. இடப்பக்க முகம் மரத்தோடு போய்விட்டது. மரம் மேகத்தோடு.

"இதுக்குப் பேரு பூட்டு இல்ல தம்பி," என்றார், இன்னும் அதையே பார்த்துக்கொண்டு. "தொங்கட்டான்."

பெண் சேலை மாற்றி வந்துவிட்டாள். துண்டைக் கழற்றி, ஃப்ளாஷை ஏற்றி, பளிச்சென்று அவர்களை எடுக்கத் தொடங்கினேன்.

கல்யாணம் முடிந்து ஆல்பம் கொடுக்கப் போனபோது அந்தப் படத்தையும் 12க்கு 18இல் பிரிண்ட் போட்டு எடுத்துப்போனேன். தாத்தாவின் மருமகள் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குண்ணே. ஆனா மாமா முகம் இருட்டடிச்ச மாதிரி இருக்கே. கொஞ்சம் வெளிச்சமாக்கிக் குடுங்களேன், ஹால்ல மாட்டணும்." எதிர்பார்த்ததுதான். பையில் இன்னொரு பிரிண்டும் வைத்திருந்தேன், நிழலையெல்லாம் தூக்கி, சட்டையைச் சலவைக்குப் போட்டு. அதைக் கொடுத்தேன். எல்லாருக்கும் பிடித்தது. உடனே ஆணி தேடினார்கள்.

பெரியவர் பேசாமல் இருட்டுப் பிரிண்டைக் கையில் வாங்கிக்கொண்டு திண்ணைக்கு வந்தார். டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தார். முகத்தைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. நகத்தைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார்.

"இது எவ்வளவு?"

"காசெல்லாம் வேண்டாங்கய்யா."

உள்ளே போனவர் கொஞ்ச நேரம் கழித்து ஒரு மாங்காய்ப் பூட்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். கை கனத்தில் இறங்கியது. "அந்தத் தொங்கட்டானத் தூரப் போடு. லட்ச ரூவா சாமான் வச்சிருக்க."

லைட் பெட்டியில் இப்போது தொங்குவது அதுதான். சாவி ஒன்றே ஒன்று, என் இடுப்பில். நான் வர லேட்டானால் ஆத்தூர் அணையில் வெளிச்சம் போய்க்கொண்டிருக்க, பெட்டியைத் திறக்க முடியாமல் பையன் போனில் என்னைத் திட்டிக்கொண்டிருப்பான். மாற்றுச் சாவிக்கு நான்கு கடை ஏறி இறங்கினான். நான்கு பேரும் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, யார் செய்தது என்று மட்டும் விசாரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம்.